ஆயர் கையில் மட்டும் திறக்கும் நூல்கள்

கத்தோலிக்க வழிபாட்டு நூல் ஒன்றைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது யாருக்காக எழுதப்பட்டது என்பதுதான். லத்தீன் மரபில் இடைக்காலத் தொடக்கத்தின் வழிபாட்டு நூல்கள் ஆள்வாரியாகப் பிரிந்திருந்தன. திருப்பலியை நிறைவேற்றுபவர் சொல்லும் மன்றாட்டுகள் ‘சாக்ரமெந்தாரியும்’ என்ற நூலில் இருந்தன. திருத்தொண்டர் வாசிக்கும் நற்செய்திப் பகுதிகளுக்கு ‘எவாஞ்சலியாரியும்’, பாடகர்களுக்கு ‘ஆந்திஃபொனாரியும்’ என்று தனித்தனி நூல்கள். யார் எங்கே நிற்பது, எப்போது எண்ணெயைக் கொண்டுவருவது, எந்த இடத்தில் முழந்தாளிடுவது என்ற நடைமுறைகளோ ‘ஓர்தோ’ எனப்பட்ட வேறு ஏடுகளில் இருந்தன.

வசனம் ஓர் ஏட்டிலும் மேடைக் குறிப்பு இன்னோர் ஏட்டிலுமாக நாடகம் நடத்துவது போன்ற ஏற்பாடு இது. அன்றாட வழிபாட்டைப் பழக்கத்தால் சமாளித்துவிடலாம். ஆனால் குருக்களைத் திருநிலைப்படுத்துவது, புதிய ஆலயத்தை நேர்ந்தளிப்பது போன்றவை ஆயருக்கே உரிய கடமைகள். அவை எப்போதாவது வருபவை, நீண்டவை, ஒன்று விடாமல் வரிசையாகச் செய்ய வேண்டியவை. சொல்ல வேண்டியதும் செய்ய வேண்டியதும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் அவருக்கு உதவும். அந்தத் தேவையிலிருந்து ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் உருவானது ‘பொந்திஃபிகாலே’ என்னும் ஆயர் சடங்கு நூல். பெயர் ஒத்திருந்தாலும், திருத்தந்தையரின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த ‘லிபெர் பொந்திஃபிகாலிஸ்’ வேறு நூல்.

பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு பெருந்தொகுப்பு இந்த மரபின் பெரிய படி. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே வழங்கிய சடங்குகளும் ரோமைச் சடங்குகளும் அதில் கலந்திருந்தன. அது ரோமை நகருக்கே போய்ச் சேர்ந்து, அங்கிருந்த வழிபாட்டையும் மாற்றியது. ரோமைச் சடங்கு என்று உலகம் பின்னாளில் அறிந்த பலவும் இப்படி வடக்கே போய்த் திரும்பி வந்தவை.

பொந்திஃபிகாலேக்குப் பின்னாளில் நிலைத்த ஒழுங்கைக் கொடுத்தவர், தென் பிரான்சில் மாந்த் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த கியோம் துரான். சட்ட வல்லுநரான அவர் 1290களில் தம் பொந்திஃபிகாலேயை மூன்று பாகங்களாக வகுத்தார். ஆள்களுக்கான சடங்குகள் முதல் பாகம். பொருள்களுக்கும் இடங்களுக்கும் உரியவை இரண்டாம் பாகம். எஞ்சிய சிறப்பு நிகழ்ச்சிகள் மூன்றாம் பாகம். ஆயர் தமக்கு வேண்டியதை உடனே தேடி எடுக்க முடிந்ததால், இந்தப் பகுப்பு விரைவில் பரவியது. 1485இல் அகொஸ்தீனோ பத்ரீட்சி பிக்கொலோமினியும் யோஹான் புர்க்கார்டும் தொகுத்து ரோமையில் அச்சிட்ட முதல் பதிப்பு துரானின் நூலையே அடித்தளமாகக் கொண்டது. திருத்தந்தை எட்டாம் கிளமெந்து 1596இல் லத்தீன் திரு அவை முழுவதற்கும் கட்டாயமாக்கிய ‘பொந்திஃபிகாலே ரொமானும்’ நூலிலும் அதே மூன்று பாகங்கள்தாம்.

அந்த நூலைப் புரட்டினால் ஆயரின் பணி எவ்வளவு விரிந்திருந்தது என்பது தெரியும். முதல் பாகத்தில் உறுதிபூசுதல், குருக்களையும் ஆயர்களையும் திருநிலைப்படுத்துதல், மடத்தலைவருக்கும் கன்னியருக்கும் ஆசி வழங்குதல் ஆகியவற்றோடு அரசருக்கு முடிசூட்டும் சடங்கும் உண்டு. இரண்டாம் பாகம் ஆலயம், பீடம், கல்லறைத் தோட்டம், திருக்கிண்ணம், மணி ஆகியவற்றுக்கு உரியது. போர்க்கொடிக்கும் படைக்கலத்துக்கும்கூட அங்கே ஆசி இருக்கிறது. மூன்றாம் பாகத்தில் ஆயர் மன்றம் கூட்டுவதும், பெரும்பாவம் செய்தவரைச் சாம்பல் புதனன்று ஆலயத்துக்கு வெளியே அனுப்பிப் பெரிய வியாழனன்று திரும்ப ஏற்பதும் வருகின்றன.

ஆலய நேர்ந்தளிப்பின் பழைய முறையைப் பார்த்தால் இப்படியொரு நூல் ஏன் வேண்டியிருந்தது என்பது விளங்கும். ஆயர் பூட்டிய ஆலயத்தை மும்முறை சுற்றிவந்து சுவர்களில் நீர் தெளிப்பார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் செங்கோலால் கதவைத் தட்டுவார். கதவு திறந்தபின், உள்ளே தரையில் மூலைக்கு மூலை குறுக்காகச் சாம்பல் தூவுவார்கள். அதன் மேல் செங்கோலின் நுனியால் ஒரு கோட்டில் கிரேக்க எழுத்துகளையும் மறு கோட்டில் லத்தீன் எழுத்துகளையும் எழுதுவார். அடுத்து உப்பு, சாம்பல், திராட்சை இரசம் கலந்த நீரை மந்திரிப்பார். புனிதரின் திருப்பண்டங்களைப் பீடத்தில் வைத்து மூடுவார். பீடத்திலும், சுவர்களில் குறித்த 12 சிலுவைகளிலும் கிறிஸ்மா தைலம் பூசுவார். இத்தனைக்கும் இடையில் திருப்பாடல்களும் மன்றாட்டுகளும் உண்டு. மணிக்கணக்கில் நீளும் இந்த வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்வது நியாயமாகாது.

ஆகவே நூலின் வடிவமே ஆயரின் வேலைக்கேற்ப அமைந்தது. வாயால் சொல்ல வேண்டியது கறுப்பில். கையாலும் உடலாலும் செய்ய வேண்டியது சிவப்பில். சடங்கின்போது ஆயரின் இரு கைகளும் விரிந்திருக்கும், அல்லது ஒருவர் தலைமேல் பதிந்திருக்கும். எனவே நூலை உதவியாளர் ஒருவர் ஏந்திப் பிடிப்பார். தள்ளியிருந்தும் படிக்கும்படி எழுத்துகள் பெரிதாக இருக்கும். இன்னோர் உதவியாளர் ‘புஜியா’ என்ற கைவிளக்கில் மெழுகுதிரி ஏற்றிப் பக்கத்தருகே பிடிப்பார். ஓவியம் தீட்டிய இடைக்காலப் படிகளில் ஒவ்வொரு சடங்கின் முதலெழுத்துக்குள்ளும், அதே சடங்கைச் செய்யும் ஆயர் சிறு உருவமாக நிற்பார். தேடும் பக்கத்தை அந்தப் படமே காட்டிக்கொடுக்கும்.

பொந்திஃபிகாலேயோடு சேர்ந்து அறிய வேண்டிய நூல்கள் இன்னும் மூன்று. ‘பெனெதிக்சியோனாலே’, நற்கருணை வாங்குமுன் ஆயர் மக்களுக்கு வழங்கிய ஆசியுரைகளின் தொகுப்பு. இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்டுக்காகப் பத்தாம் நூற்றாண்டில் கோட்மன் என்ற துறவி எழுதிய பொன்னோவியப் படி இவ்வகையில் புகழ்பெற்றது; அது இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. குருக்கள் பீடத்தில் நிறுத்தி வைத்த மன்றாட்டு அட்டைகளுக்குப் பதிலாக ஆயர்கள் கையாண்ட பேரெழுத்து நூல் ‘கானோன்’. மூன்றாவது ‘சேரெமோனியாலே எபிஸ்கோபோரும்’. இதை எட்டாம் கிளமெந்து 1600இல் வெளியிட்டார். மன்றாட்டுகளைத் தரும் நூல் அல்ல இது. ஆயர் எந்த நாளில் எந்த உடை அணிவது, எப்போது தலையணியைக் கழற்றுவது, யார் அருகில் நிற்பது, எப்படிப் பவனி வருவது என்று விதிகளை மட்டும் சொல்வது. பொந்திஃபிகாலே ஆயர் நிகழ்த்தும் சடங்கைத் தருகிறது. சேரெமோனியாலே அவர் தலைமையில் நடக்கும் எல்லா வழிபாட்டுக்கும் ஒழுங்கு சொல்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பொந்திஃபிகாலே ஒரே நூலாக வராமல் பகுதி பகுதியாகத் திருத்தப்பட்டு வெளிவந்தது. திருநிலைப்பாட்டுச் சடங்கு 1968இலும், உறுதிபூசுதல் 1971இலும், ஆலயம், பீடம் நேர்ந்தளிப்பு 1977இலும் வந்தன. புதிய சேரெமோனியாலே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் காலத்தில், 1984இல் வெளியானது. இந்தத் திருத்தத்தில் முடிசூட்டு விழாவும் போர்க்கொடி ஆசியும் போயின. சாம்பலில் எழுத்தெழுதுவதும் போயிற்று. உறுதிபூசுதலின்போது கன்னத்தில் மெல்லத் தட்டும் வழக்கமும் நீங்கியது. அதைச் சடங்கில் சேர்த்ததே துரானின் நூல்தான்.

நிலைத்தவை சில. திருநிலை பெறுபவரின் தலைமேல் கைகளை வைக்கிறார் ஆயர். புதிய ஆயரின் தலைமேல் நற்செய்தி நூலை விரித்துப் பிடிக்கிறார்கள். புதிய ஆலயத்தின் பீடத்திலும் சுவர்களிலும் தைலம் பூசுகிறார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆண்டுதோறும் புனித வாரத்தை ஒட்டி ஆயர் தம் குருக்கள் சூழ எண்ணெய் மந்திரிக்கும் திருப்பலி, இந்த நூல்கள் வழியாக வந்ததே. அரசவையும் படைக்களமும் ஆயரிடம் கேட்டுப் பெற்ற சடங்குகள் காலத்தோடு கழிந்துவிட்டன. கைவைப்பும் எண்ணெயும் மன்றாட்டும் தங்கிவிட்டன. ஆயர் பணியின் மையம் எது என்பதை, எந்த விளக்கவுரையையும்விட, இந்த ஆயிரம் ஆண்டுக் கழித்தலும் காத்தலுமே தெளிவாகச் சொல்கின்றன.