தண்ணி நிக்குற வயலில் செடி ஏன் வாடுது?

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும் தக்காளி, கத்திரி, மிளகாய் வயல்களைப் பாருங்க. காலடியில் தண்ணி கிடக்கும். வெயில் ஏறினதும் செடி தலை சாஞ்சு நிற்கும். பாத்தி தளும்பத் தண்ணி விட்ட களிமண் நிலத்திலும் இதே கதைதான். 'வாடுதே' என்று மறுபடியும் மோட்டாரைப் போட்டால் செடி பிழைக்காது.

காரணம் புரியணும்னா செடிக்குள்ளே போய்ப் பார்க்கணும். ஒரே வேலை செய்யும் செல்கள் சேர்ந்தால் திசு. பல திசுக்கள் சேர்ந்தால் வேர், தண்டு, இலை என்ற உறுப்புகள்.

வேர் நுனிக்குச் சற்று மேலே பூனைமுடி மாதிரி இருப்பவை வேர்த்தூவிகள். ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல்லின் நீட்சி. தண்ணியும் சத்தும் உள்ளே போவது பெரும்பாலும் இது வழியாத்தான். அங்கிருந்து மேலே ஏற்றுவது சைலம் என்ற குழாய்த் திசு. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. ஒவ்வொரு துளைக்கும் அவரை விதை வடிவில் இரண்டு காவல் செல்கள். அவை உப்பினால் துளை திறக்கும், சுருங்கினால் மூடும். திறந்த துளை வழியா நீராவி வெளியேறும்போதுதான் கீழேயிருந்து தண்ணி இழுபடுது. இலை சமைக்கும் சர்க்கரையைப் புளோயம் என்ற இன்னொரு திசு வேருக்கு இறக்கித் தருது.

வேர் செல்லும் மூச்சு விடணும். அந்தச் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால்தான் அதற்குத் தெம்பு. மண் துளைகளில் தண்ணி நிறைஞ்சுட்டா காற்றுக்கு இடமில்லை. தண்ணிக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட சுமார் 10,000 மடங்கு குறைவு. மூச்சு முட்டிய வேர் செல்கள் தண்ணி விடும் வாசலை மூடிக்கொள்கின்றன. மேலே தண்ணி வராததால் இலைத்துளையும் மூடுது. கரியமிலவாயு உள்ளே போகாமல் சர்க்கரை சமைப்பது நிற்குது. வேர் இன்னும் பட்டினி கிடக்குது. இந்த நேரத்தில் உரம் கொடுத்தும் பயனில்லை, எடுத்துக்கொள்ள வேருக்குத் தெம்பு இல்லை.

அப்போ நெல் மட்டும் எப்படி நிற்குது? நெல் வேரில் சில செல்கள் தாமாகவே செத்து, அந்த இடம் காற்றுக் குழலாக மாறுது. இலையில் நுழைந்த காற்று அது வழியா வேர் வரை இறங்குது. தக்காளிக்கு இந்த வசதி போதாது.

அதனால் செடி வாடினால் முதலில் மண்ணைக் கையால் தோண்டிப் பாருங்க. ஈரம் சொதசொதன்னு இருந்தால் தண்ணியை நிறுத்தி வடிகால் வெட்டுங்க. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்க. வெள்ளை வேர் நல்ல வேர். பழுப்பேறி நாறினால் அழுகல். வேர் நல்லாயிருந்தும், மண் பதமாயிருந்தும் வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த தண்ணியில் தொங்க விடுங்க. வெள்ளை நூல் மாதிரி இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்தச் செடியை உடனே அப்புறப்படுத்தணும்.

அடுத்த பட்டத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்க. தொழுவுரமும் மூடாக்கும் மண்புழுவும் சேர்ந்தால் மண் பொலபொலன்னு ஆகும், வேருக்குக் காற்று கிடைக்கும். பாசனம்னா தண்ணி விடுறது மட்டும் இல்லீங்க, வேருக்கு மூச்சு விட இடம் வைக்கிறதும்தான்.