ஓடுபாதையே ஊர்மன்றம்



பல்லாண்டுகள் பூகோளம் கற்பித்தவன் நான். பசிபிக் மாகடலைக் காட்டும்போதெல்லாம் என் கைக்கோல் அந்த நீலப் பரப்பில் நில்லாது ஆஸ்திரேலியாவுக்குத் தாவிவிடும். இடையிலும் மக்கள் வாழ்கின்றனர் என்று நான் கூறத் தவறினேன். அக்குறையை இன்று தீர்த்துக்கொள்கிறேன்.

1978-இல் விடுதலை பெற்ற துவாலு நாட்டின் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டரே. தலைநகரான ஃபுனாஃபுட்டி ஒரு பவளத் தீவு. நடுவே காயல், சுற்றிலும் மாலைபோல் ஒடுங்கிய நிலம். அகன்ற இடத்திலும் அது ஏறத்தாழ 400 மீட்டரே இருக்கும். அங்கேதான் விமான நிலையம் அமைந்துள்ளது.

1943-இல், கில்பர்ட் தீவுகளைக் கைப்பற்றியிருந்த ஜப்பானியரைத் தாக்குவதற்காக அமெரிக்கக் கடற்படையினர் அதனை அமைத்தனர். பவளத் தீவில் கருங்கல் ஏது? நிலத்தையே தோண்டிப் பவளக்கல்லை எடுத்துப் பரப்பினர். தென்னைகள் வீழ்ந்தன. மழைநீர் மண்ணுள் இறங்கி, உப்புநீரினும் இலேசானதால் அதன்மேல் மிதந்து நிற்கும். அந்நன்னீர் எட்டும்வரை குழி தோண்டிப் புலாக்கா என்னும் கிழங்கை மக்கள் பயிரிட்டனர். அக்குழிகளுள்ளும் பல அழிந்தன.

போர் முடிந்தது, கல் எடுத்த பள்ளங்கள் எஞ்சின. உவர்நீரும் குப்பையும் நிறைந்த அவற்றின் கரையிலே எழுபதாண்டுகள் குடும்பங்கள் வாழ்ந்தன. 2015-இல்தான் நியூசிலாந்தின் உதவியால், காயல் மணலைக் கொண்டு அவை தூர்க்கப்பட்டன.

நிலத்தை விழுங்கிய ஓடுபாதையை மக்கள் தமதாக்கிக்கொண்ட விதம் வியப்புக்குரியது. ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமுள்ள அதில் வாரத்திற்குச் சில விமானங்களே இறங்குகின்றன. விமானம் வருமுன் சங்கு ஊதும், மக்கள் விலகுவர். அது சென்றபின் பந்தாட்டம் தொடங்கும்; முதியோர் காற்று வாங்குவர்; புழுக்கமான இரவுகளிற் சிலர் அங்கேயே பாய் விரித்து உறங்குவர்.

இன்று கடல்மட்டம் உயர்கிறது. பவளக்கல் நுண்துளைகள் உடையது; ஆதலால் பெருவேலியேற்றத்தின்போது நீர் கரையைத் தாண்டி வருவதோடு, காலடியிலிருந்தும் ஊறி மேலெழுகிறது. கரையிற் சுவர் எழுப்பி இதனைத் தடுக்க இயலாது. 2024-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவிற் குடியேறலாம்.

அங்ஙனம் செல்லும் இளைஞன், தான் பந்தாடிய அதே ஓடுபாதையிலிருந்தே விமானம் ஏறுவான். மாணவர்களே, உலகப் படத்தில் ஒரு சிறு புள்ளியைக் காணும்போது, அது யாரோ ஒருவருக்கு ஊர்மன்றம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.