தார்ச் சாலையில் ஓடும் தாருக்கு என்ன மாட்டலாம்?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் ஆக்சஸரீஸ் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. புது மஹிந்திரா தாரோ மாருதி ஜிம்னியோ வாங்கியவர் இப்படி ஒரு கடைக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது மட்கார்டைத் தாண்டிப் பிதுங்கும் பட்டன் டயர், இரும்பு பம்பர், கூரை கேரியர், அதன்மேல் நீளமாக ஓர் எல்.இ.டி. விளக்குப் பட்டை. எல்லாவற்றையும் மாட்டினால் வண்டி நேரே பாலைவனத்துக்குக் கிளம்பிவிடும் போலிருக்கும். திங்கட்கிழமை காலை அது கிளம்புவது என்னவோ தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு.

2020-ல் வந்த மூன்று கதவுத் தாரின் தரை இடைவெளி 226 மி.மீ.; 650 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கலாம் என்கிறது நிறுவனம். 2023-ல் வந்த ஐந்து கதவு ஜிம்னிக்குத் தரை இடைவெளி 210 மி.மீ. ஊர்ப்புற மண் பாதைக்கும், காபித் தோட்டத்து ஏற்றத்துக்கும், அறிவிப்பில்லாத வேகத்தடைக்கும் இது தாராளம். இதற்கு மேல் தேவைப்படும் காட்டாறுகளில் இறங்குகிறவர்கள், தங்களுக்கு என்ன வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்பதில்லை.

அதிகம் யோசிக்க வேண்டியது டயரில்தான். இந்த வண்டிகளுக்கான டயரில் மூன்று ரகம். ஹெச்.டி. என்பது நெடுஞ்சாலைக்கானது, எம்.டி. சேற்றுக்கானது; ஏ.டி. இரண்டுக்கும் நடுவே. எம்.டி. டயரின் கட்டிகளுக்கு இடையே அகலமான பள்ளங்கள் இருப்பது சேற்றை உதறித் தள்ளுவதற்காக. தார்ச்சாலையில் அதே பள்ளங்களால் ரப்பர் தரையைத் தொடும் பரப்பு குறைகிறது. மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் டயர் போடும் இரைச்சலில் பின்னிருக்கையில் இருப்பவருடன் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். மாதத்தில் ஒருநாள் மண்ணில் இறங்குகிறவருக்கு மிதமான ஏ.டி. போதும், அதுவும் இல்லாதவருக்கு ஹெச்.டி.தான் சரி, பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தாலும்.

அளவைக் கூட்டுவதில்தான் கணக்கு உதைக்கிறது. ஜிம்னியோடு வரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. பலர் ஆசைப்படும் 235/75 ஆர்15-க்கு 733 மி.மீ.க்குச் சற்றே மேல். வித்தியாசம் நாற்பது மி.மீ.; தரை இடைவெளி கூடுவது அதில் பாதி, அதாவது இருபது. அந்த இருபது மி.மீ.க்கு விலையாக, மீட்டர் முள் 100 காட்டும்போது வண்டி 106-ஐத் தொட்டிருக்கும். சக்கரம் ஏறக்குறைய ஆறு சதவீதம் பெரிதாவதால் இழுவையும் பிரேக்கின் பிடியும் அதே அளவு குறையும். ஏற்கெனவே 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கியரை இறக்கிக்கொண்டேதான் ஏறும். போதாததற்குப் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர் வாங்க வேண்டும். அந்தக் கதவின் கீல் பழைய எடைக்குச் செய்யப்பட்டது.

வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பார்ப்பது நல்லது. 2324 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. தள்ளுபடி விலைக்குக் காரணம் சில சமயம் இந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த ஆசை, வண்டியைத் தூக்குவது. இரண்டு அங்குல லிஃப்ட் கிட் போட்டால் தரை இடைவெளியும் இரண்டு அங்குலம் கூடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஜிம்னியின் இரு அச்சுகளும் முழு அச்சுகள். தாரின் பின்னச்சும் அப்படியே. லிஃப்ட் கிட் உயர்த்துவது பாடியை மட்டும்தான். அச்சின் நடுவே குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயரால்தான் முடியும். மேலே போவது வண்டியின் ஈர்ப்பு மையம். கொல்லிமலை வளைவில் வண்டி சாயும் சாய்வில் அது தெரியும்.

ஸ்டீயரிங்கும் கெடும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதுபோல் காரின் முன்சக்கரத்துக்கும் ஒரு சாய்வு உண்டு, கேஸ்டர் என்பார்கள். திருப்பியபின் ஸ்டீயரிங் தானே நேராவது அதனால்தான். முன்னச்சு முழு அச்சாக உள்ள ஜிம்னியைத் தூக்கினால் அந்தக் கோணம் குறைந்து, நெடுஞ்சாலையில் வண்டி இடமும் வலமும் அலையத் தொடங்கும். திருத்தத் தனி புஷ் வாங்க வேண்டும். தாரின் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இருப்பதால் சிக்கல் வேறு: டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி மூட்டுகள் சீக்கிரம் தேயும்.

ஸ்நார்க்கலைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நகரம் மிதந்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் முகப்புத் தூணோடு உயரும் அந்தக் குழாயின் மேல் ஆசை வருவது இயல்பே. இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்நார்க்கல் தடுப்பது அதை மட்டும்தான். கதவிடுக்கில் நுழையும் தண்ணீரையும், தரைவிரிப்புக்கடியில் ஓடும் ஒயரையும் அதற்குத் தெரியாது. ஓடும் தண்ணீர் 60 செ.மீ. இருந்தாலே பெரும்பாலான கார்களை இழுத்துப் போய்விடும். ஸ்நார்க்கலுக்கான பணத்தில் ஒரு பகுதியைக் காப்பீட்டில் இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவுக்குக் கட்டினால் மழைக்காலத்தில் அது உண்மையாகவே உதவும்.

இரும்பு பம்பருக்கு வாதமே தேவையில்லை. கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவற்றை அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதும்போது குறுக்கே வந்தவரின் காயத்தை அது மோசமாக்கும். காற்றுப்பை விரியும் கணக்கையும் குழப்பலாம். அனுமதியின்றி வண்டியை மாற்றியமைத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கூரை விளக்குப் பட்டையைப் பொதுச் சாலையில் எரிப்பது எதிரே வருகிறவரைக் குருடாக்கும் வேலை. இருக்கும் ஹெட்லைட்டின் அலைன்மென்டைச் சரிபார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

பிறகு எதில்தான் செலவழிப்பது? தேய்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதிலாக அதே உயரத்தில் நல்ல தரமான ஒன்று, முன்பின் டேஷ்கேம், இரைச்சலைக் குறைக்கக் கதவுக்குள்ளும் தரையிலும் ஒட்டும் டாம்பிங் தாள். கூடவே 12 வோல்ட் காற்று கம்ப்ரஸர். கடற்கரை மணலில் இறங்கக் காற்றைக் குறைத்தவர், ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் கண்ட அளவுக்கு ஏற்றிக்கொண்டுதான் தார்ச்சாலைக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கலாம். சற்றே பெரிய கம்ப்ரஸர் என்றால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகக் கூடாது, ஃபியூஸ் போய்விடும். பேட்டரியில் நேரடியாக கிளிப் மாட்ட வேண்டும்.

4x4 ரகங்களில் ஃபோர் வீல் லீவர் வண்டியிலேயே இருப்பது, ஆனால் அதைத் தப்பாகப் பயன்படுத்தினால் பழுதுச் செலவு எந்த ஆக்சஸரீஸையும் மிஞ்சும். தாரிலும் ஜிம்னியிலும் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். மண்ணில் என்றால் சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் 4ஹெச் நிலையைப் போட்டுத் திருப்பினால் அந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லாமல் கியர் பெட்டியும் ஷாஃப்ட்டும் முறுக்கேறி நிற்கும். லீவர் திரும்ப வராமல் அடம்பிடிக்கும். லேசாகத் தூறியதும் 4ஹெச் போடுகிறவர்களும் உண்டு. அது கிளம்பும்போதும் ஏறும்போதும் இழுவைக்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது. ஈரச் சாலையில் வண்டியை நிறுத்துவது டயரும் பிரேக்கும்தான், நிலைதடுமாறும்போது பிடிப்பது ஈ.எஸ்.பி.