ஒரே ஆண்டில் பிறந்த இரு பந்தாட்ட வீரர்கள்

கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கத்தொழிலைத் தொடங்கினர். வேலை நாடி வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்து லைன் வீடுகளில் குடியேறின. செகந்திராபாத் நகரிலும் இவ்வாறே, இராணுவத்தையும் அதனைச் சார்ந்த தொழில்களையும் நம்பித் தமிழர் பலர் குடியேறினர். இத்தகைய ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்குக் கால்பந்து எளிதில் கிட்டும் விளையாட்டு. ஒரு பந்தும் சிறிது வெற்றிடமும் இருந்தால் போதும், ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். ஆனால், ஒருவர் அந்த ஆட்டத்தில் எவ்வளவு காலம் நிலைத்து நிற்பார் என்பதைத் திறமை மட்டுமே முடிவு செய்வதில்லை. 1936-ஆம் ஆண்டில் பிறந்த இரு வீரர்களின் வரலாறு இதனை நன்கு விளக்குகிறது. ஒருவர் இந்தியாவின் துளசிதாஸ் பலராம். மற்றவர் ஜெர்மனியின் ஊவே சேலர்.

தொடக்கம்

பலராம் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். காலணி வாங்கப் பணமில்லாததால், காவலர்களின் பழைய காலணியைக் கொண்டு செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் இரண்டு ரூபாய்க்குப் பந்தாட்டக் காலணி செய்துகொண்டார் என்பர். அக்காலத்தில் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளராக விளங்கியவர் சையது அப்துல் ரகீம். அவர் பலராமின் ஆட்டத்தைக் கண்டு பயிற்சிக்கு அழைத்தார். நாள்தோறும் ஐதராபாத் சென்று வர வழிச்செலவுக்குப் பணமில்லை என்பதை அறிந்து, மிதிவண்டியை வாடகைக்கு எடுக்க நாளொன்றுக்கு ஒரு ரூபாய் கொடுத்துதவினார் என்றும் கூறுவர். பலராம் இடம்பெற்ற ஐதராபாத் அணி 1956-ஆம் ஆண்டுக்கான சந்தோஷ் கோப்பையை வென்றது. மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

ஊவே சேலரும் உழைப்பாளியின் மகனே. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய தந்தை, தாமும் ஒரு பந்தாட்டக்காரர். சேலர் 1954-இல், தம் பதினேழாம் வயதிலேயே, மேற்கு ஜெர்மனி அணிக்காக ஆடினார். தம் சொந்த ஊரின் ஹாம்பர்க் அணியிலேயே இறுதிவரை நிலைத்திருந்தார்.

வளர்ச்சி

பலராம் 1957-இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் வலிமை மிக்க ஹங்கேரி அணிக்கு எதிராகக் கோல் அடித்தார். 1961-இல் அணித்தலைவராக இருந்து ஈஸ்ட் பெங்காலுக்குக் கல்கத்தா லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். அவ்வாண்டு லீக்கில் 23 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவரும் அவரே. 1962-இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரும் இந்தியாவின் முன்களத்தில் ஒன்றிணைந்து ஆடினர். தாய்லாந்து, ஜப்பான் ஆகிய இரு அணிகளுக்கு எதிராகவும் பலராம் கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்ற கணக்கில் வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. அவ்வாண்டில் பலராமுக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

சேலர் 1960-இல் ஹாம்பர்க் அணியோடு ஜெர்மன் பட்டத்தை வென்றார். 1961-இல் இத்தாலியின் இன்டர் மிலான் அணி பெருந்தொகை தந்து அழைத்தபோதும் அவர் ஊரை விட்டுச் செல்லவில்லை. 1958 முதல் 1970 வரை நான்கு உலகக் கோப்பைப் போட்டிகளில் ஆடினார். நாட்டுக்காக 72 ஆட்டங்களில் 43 கோல்கள் அடித்தார்.

தொழிலும் ஆட்டமும்

ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு ஊதியம் பெறுபவர் தொழில்முறை வீரர் எனப்படுவார். அக்கால இந்தியாவில் கால்பந்து வீரர்க்கு அத்தகைய வாழ்வு அமையவில்லை. இரயில்வே, காவல்துறை, இராணுவம் ஆகிய துறைகளில் வேலை பெற்று, அந்தத் துறைகளின் அணிகளுக்காக ஆடியோர் பலர். பலராமும் 1963-இல் வங்காள நாகபுரி இரயில்வே அணியில் சேர்ந்தார். ஜெர்மனியிலோ அதே 1963-இல், ஆகஸ்டு 24-ஆம் நாள், 16 அணிகளுடன் புண்டஸ்லிகா என்னும் தேசிய லீக் தொடங்கிற்று. அதன் முதல் பருவத்தில் 30 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர் ஊவே சேலர்.

ஒருவருக்குப் புதிய வாயில் திறந்த அந்த ஆண்டே மற்றவருக்கு முடிவாயிற்று. நுரையீரல் நோயுற்ற பலராம் 1963-இல் ஆட்டத்திலிருந்து விலகினார். அப்போது அவர் வயது முப்பதைக்கூட எட்டவில்லை. 1965-இல் சேலருக்கும் பெரும் சோதனை வந்தது. அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின், அடிடாஸ் நிறுவனத்தை நிறுவிய அடி டாஸ்லர் அவருக்கெனத் தனிக் காலணி ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அக்காலணியோடு சில மாதங்களிலேயே களத்திற்குத் திரும்பிய சேலர், 1966 உலகக் கோப்பையில் தம் நாட்டு அணிக்குத் தலைமை ஏற்றார். 1972 வரை ஆடினார்.

பெற்ற சிறப்புகள்

ஹாம்பர்க் நகரம் 2003-இல் சேலரைத் தன் மதிப்புறு குடிமகனாக ஏற்றது. அவருடைய வலக்காலின் மாபெரும் வெண்கலச் சிலையை அந்நகர விளையாட்டரங்கின் முன்னே இன்றும் காணலாம். இந்தியாவில் சுனி கோஸ்வாமிக்கு 1983-இலும் பி.கே. பானர்ஜிக்கு 1990-இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவ்விருவரோடும் தோளோடு தோள் நின்று ஆடிய பலராமுக்கோ இறுதிவரை அவ்விருது வழங்கப்படவில்லை. சேலர் 2022 ஜூலையில் மறைந்தார். தாம் ஆடிப் புகழ்பெற்ற வங்காளத்திலேயே வாழ்ந்த பலராம், 2023 பிப்ரவரி 16-ஆம் நாள் காலமானார்.

சிந்தித்து எழுதுக

1. பலராம், சேலர் ஆகிய இருவரின் இளமைக்காலங்களிலும் காணப்படும் ஒற்றுமை யாது?
2. ரகீம் கொடுத்த ஒரு ரூபாய், டாஸ்லர் அமைத்த காலணி: இவ்விரு உதவிகளையும் ஒப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.
3. உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்தத் தொழிலுக்காகத் தங்கவயலுக்கு வந்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.