ஊசி போட்ட பிறகு நடப்பது

இன்சுலின் குப்பியை வாங்கிக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போய்விடுகிறார். மருந்து வேலை செய்வதே அதற்குப் பிறகுதான். ரெகுலர் இன்சுலின் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். 6 முதல் 8 மணி நேரம் நீடிக்கும். மருந்தைக் கொடுத்த மருந்தாளுநர் இதில் எதையும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தைக் கண்முன் காட்டுவதே பார்மசி மாணவர்களுக்கான கணினிவழிப் பயிற்சியின் பெரும் பலன்.

1996-லேயே ‘எய்டா’ என்ற மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. சாப்பாட்டு நேரம், மாவுச்சத்து, இன்சுலின் வகை, அளவு ஆகியவற்றைக் கொடுத்தால், நோயாளியின் 24 மணி நேர ரத்தச் சர்க்கரையை வரைபடமாகக் காட்டும். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் கோடு 70 மில்லிகிராமுக்குக் கீழே சரிகிறது. வியர்வையும் கைநடுக்கமும் வரும் நேரம் அது. 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்ற விதி அப்போது மனத்தில் பதிகிறது. எய்டா கற்பதற்கு மட்டுமே. அதை வைத்து யாருக்கும் மருந்தளவு முடிவு செய்யக் கூடாது.

நம் ஊருக்கென்றே ஒரு பாடம் உண்டு. இந்தியாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகை இன்சுலின் குப்பிகள் விற்பனையாகின்றன. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் குப்பி மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆவது கோடு வரை இழுத்தால், உடலுக்குள் போவது 50 யூனிட்; இரண்டரை மடங்கு! திரையில் ஒரு பாட்டி, “சிரிஞ்சு வீட்டுல இருக்கு தம்பி, மருந்து மட்டும் குடு” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “மூடி என்ன கலரு பாட்டி?” என்று மாணவர் கேட்காவிட்டால், சில நொடிகளில் வரைபடம் சரிந்து விளைவைக் காட்டிவிடும்.

எல்லாவற்றையும் திரை கற்றுத்தராது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தியதால் தோலடியில் கட்டிதட்டியிருப்பதை விரலால் தடவித்தான் உணர முடியும். அதற்கு மருத்துவமனைப் பயிற்சி வேண்டும். 2008-இல் நெறிப்படுத்தப்பட்ட ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பில் கடைசி ஆண்டு முழுவதும் அதற்குத்தான்.

ஆனால் பெரும்பாலான கடைகளில் மருந்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இரண்டாண்டு டி.பார்ம். படித்தவர்கள். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அவர்களில் பலர் டாக்டரைவிட மருந்துக் கடைக்காரரைத்தான் அடிக்கடி பார்க்கிறார்கள். எனவே இந்தப் பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் டி.பார்ம். வகுப்பறைதான்.