வாயைத் திறக்காத கோழிக்கு மருந்து கொடுப்பது எப்படி?

சீக்கு வந்த கோழிக்கு மருந்து ஊற்றும்போது பல வீடுகளில் நடப்பது இதுதான். ஒருவர் கோழியைத் துரத்திப் பிடிப்பார். இன்னொருவர் அதன் தலையை அண்ணாந்து பிடித்து அலகைப் பிளப்பார். கரண்டியில் உள்ள மருந்து முழுவதும் ஒரே மடக்கில் உள்ளே போகும். கோழி தலையை உதறி, கொரகொரவென்று மூச்சு வாங்கி, சற்று நேரத்தில் சாய்ந்துவிடும். சீக்கு முற்றிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கோழியைக் கொன்றது சீக்காக இல்லாமல், நுரையீரலுக்குள் போன மருந்தாகவும் இருக்கலாம்.

கெடாவில் பீடோங், பாடாங் செராய், கோலா கெட்டில் வட்டாரத் தோட்டங்களில் வாழ்வோரும், அங்கிருந்து தாமான்களுக்குக் குடிபெயர்ந்தவர்களும் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து நாட்டுக்கோழிகளை வளர்ப்பது இன்றும் உண்டு. சில கோழிகள் முட்டைக்காக. சில, பிள்ளைகள் பெயர் வைத்து வளர்க்கும் செல்லங்கள். இன்னும் சில முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல்கள். போனால் போகட்டும் என்று விட்டுவிட யாருக்கும் மனம் வராது. அதனால்தான் அவசரமும் வருகிறது.

கோழியின் வாய் நம் வாயைப் போன்றதல்ல. மனிதன் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் மேல் ஒரு மூடி கவிழ்ந்து காக்கிறது. கோழிக்கு அந்த மூடி இல்லை. அலகைத் திறந்து பார்த்தால், நாக்கின் அடியில் ஒரு சிறிய பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். கோழி தானாகத் தண்ணீர் குடிக்கும்போது கொஞ்சம் மொண்டு, தலையைத் தூக்கி, அந்த வாசலை மூடிக்கொண்டு விழுங்குகிறது. நாம் எதிர்பாராத நேரத்தில் ஊற்றினால் அந்த வாசல் திறந்தே இருக்கும். மருந்து நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

பிடிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். கோழி திமிறுகிறது என்று நெஞ்சை இறுக்கினால் கையிலேயே மூச்சு நின்றுவிடும். மல்லாக்கப் படுக்க வைப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் ஆகாது. பகலில் கொல்லையைச் சுற்றித் துரத்துவதைவிட, இருட்டியபின் அடையும் கூட்டிலிருந்து மெதுவாக எடுப்பது நல்லது. இருட்டில் கோழி அடங்கியிருக்கும். பழைய துண்டு ஒன்றில் இறக்கைகளைச் சேர்த்துத் தளர்வாகச் சுற்றி, தலை முன்னால் இருக்கும்படி அக்குளில் இடுக்கிக்கொண்டால் திமிறாது. இரண்டு பேர் இருந்தால் வேலை பாதி.

நீர் மருந்து என்றால் கரண்டி வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சு, ஊசி இல்லாமல், போதும். அலகைப் பிளக்க வேண்டியதில்லை. மூக்குத் துளைகளை மறைக்காமல் தலையை லேசாகப் பிடித்து, அலகின் ஓரத்தில் ஓரிரு சொட்டு விட்டால் கோழியே நாக்கால் இழுத்து விழுங்கும். விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. அரை மில்லிலிட்டர் கொடுக்கச் சில நிமிடங்கள் ஆகலாம், ஆகட்டும். இருமினாலோ, மூச்சில் குமிழிச் சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்தி, தலையைச் சற்றுக் கீழ்நோக்கி விட வேண்டும். மாத்திரை கொடுக்க அலகைத் திறந்தே ஆக வேண்டும். அதன் ஓரங்களை விரலால் மெல்ல அழுத்தினால் திறக்கும். மாத்திரையை நாக்கின் மேல் வைத்தால் துப்பிவிடும். அந்த மூச்சு வாசலைத் தாண்டி, தொண்டையின் பின்பக்கம் வைத்தால்தான் உள்ளே போகும்.

கையே படாமல் கொடுக்க முடிந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. இரவு முழுவதும் கோழி எதுவும் தின்னாது. விடியும்போது தீனிப்பை காலியாகி, நல்ல பசியோடு இறங்கும். அந்த நேரம்தான் நமக்கு வாய்ப்பு. மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து வைத்து, பொடித்த மருந்தைச் சோற்று உருண்டையிலோ வாழைப்பழத் துண்டிலோ வைத்து, வேறு தீனி போடுவதற்கு முன் அதை மட்டும் போட வேண்டும். உருண்டை ஒரு கொத்தில் போகும் அளவில் இருக்கட்டும், பெரிதாக இருந்தால் மருந்தை விட்டுச் சோற்றை மட்டும் பொறுக்கிவிடும். கோழிக்கு மிளகாய்க் காரம் உறைக்காது, கசப்புத்தான் பிடிக்காது. ஆகவே சம்பல் சோறு கோழியைத் தடுக்காது, கசப்பு மாத்திரை தடுக்கும்.

விடியற்காலையில் கழுத்தின் கீழே வலப்பக்கம் தொட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். தீனிப்பை இரவெல்லாம் ஆகியும் வீங்கி, கொழகொழவென்று இருந்தால் உணவு இறங்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் மேலும் எதையும் திணிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

குடிதண்ணீரில் மருந்து கலப்பது சுலபம்தான். ஆனால் வெளியே திரியும் கோழி, கசக்கும் தண்ணீரை விட்டுவிட்டுப் பூந்தொட்டித் தட்டிலும் கால்வாயிலும் குடித்துக்கொள்ளும். கூட்டில் அடைத்து, வேறு தண்ணீரே இல்லாமல் செய்தால்தான் பயன் உண்டு. நம்மூர் வெயிலில் அந்தத் தண்ணீரையும் அது தொடாவிட்டால், நோயைவிடத் தாகம் முந்திக்கொள்ளும்.

பிடிபடாத கோழிக்கு எப்படி மருந்து கொடுப்பது என்ற கேள்வி ஆய்வுக்கூடத்தையும் எட்டியது. மலாயாவில் நியூகாசல் நோய் முதன்முதலில் 1934இல் பேராக், பாரிட் புந்தாரில் கண்டறியப்பட்டது. மலாய்க்காரர்கள் அதை சம்பார் ஆயாம் என்பார்கள். தமிழ்நாட்டில் அது ராணிக்கெட் அல்லது வெள்ளைக்கழிச்சல். பண்ணைக் கோழிக்குத் தடுப்பூசி போடுவது எளிது. மரத்தில் அடையும் கம்போங் கோழியை யார் பிடிப்பது? 1980களில் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தின், அதாவது இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். ஆஸ்திரேலியாவில் கண்டெடுக்கப்பட்ட வி4 என்ற வீரியம் குறைந்த கிருமியிலிருந்து வெப்பத்தைத் தாங்கும் வகையைப் பிரித்தெடுத்து, அதைத் தீனியில் பூசிப் போட்டார்கள். கோழி தானாகக் கொத்தித் தின்று தடுப்பு மருந்தை ஏற்றுக்கொண்டது. அந்த ஆய்வில் முக்கியப் பங்காற்றிய டாக்டர் அய்னி இட்ரிஸ் பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அந்த வழியில் வந்த தடுப்பு மருந்துகள் ஆசிய, ஆப்பிரிக்கக் கிராமங்களில் இன்று பெரும்பாலும் கண்ணில் ஒரு சொட்டாக விடப்படுகின்றன.

இந்த நோய் வந்த பிறகு மருந்து கிடையாது. கழுத்து முறுக்கிக்கொள்வது, பச்சை நிறக் கழிச்சல், வாயைப் பிளந்து மூச்சுவிடுவது, கால் இறக்கை செயலிழப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் அரைத்து உருண்டையாக்கித் தொண்டையில் தள்ளுவது பலரின் வழக்கம். கோழி தானாகத் தின்றால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. மூச்சுக்குத் திணறும் கோழியின் வாயில் திணிப்பதுதான் கெடுதல். கோழி அம்மையும் கிருமியால் வருவதே, கொசுவால் பரவுவது. மஞ்சளும் வேப்பிலையும் பூசுவது நம் வழக்கம். பூசும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, கண்ணையும் வாயையும் சுத்தமாக வைத்து, தின்னவும் குடிக்கவும் உதவினால், பெரும்பாலான கோழிகளுக்குச் சில வாரங்களில் பொருக்கு உதிர்ந்துவிடும்.

வீட்டில் மிச்சமிருக்கும் மனித மாத்திரையைக் கோழிக்குக் கொடுப்பதுதான் மிகவும் கவலைக்குரியது. அறுபது கிலோ மனிதனுக்கான மாத்திரை, ஒன்றரை கிலோ கோழிக்கு எடை கணக்கில் நாற்பது மடங்கு அதிகம். பாதியாக உடைத்தாலும் இருபது மடங்கு. கோழியை எடைபோட்டு, மருத்துவர் சொன்ன அளவைத்தான் கொடுக்க வேண்டும். கெடாவில் கோலா மூடா, கூலிம், பாலிங் உட்பட மாவட்டந்தோறும் கால்நடைச் சேவைத் துறை அலுவலகம் உள்ளது. இரண்டு மூன்று கோழிகள் திடீரென அடுத்தடுத்துச் செத்தால் அங்கே தெரிவிப்பது அவசியம், ஏனெனில் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இந்நாட்டில் 2004இல் கிளந்தானில் அது முதலில் தென்பட்டது வீட்டுக் கோழிகளிடம்தான்.

ஆண்டிபயாடிக் கொடுத்த கோழியின் முட்டையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு மஞ்சள் கரு முழுதாக வளரச் சுமார் பத்து நாட்கள் ஆகின்றன. அந்த நாட்களில் கோழி உண்ட மருந்து கருவில் படியக்கூடும். எனவே கடைசி மருந்து கொடுத்த மறுநாளே முட்டையைப் பொரித்துப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கைக் கால்நடைத் தீனியில் கலப்பதை 2019 ஜனவரி 1 முதல் மலேசியா தடை செய்ததும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் மனிதரிடம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். முட்டையை எத்தனை நாள், இறைச்சியை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்து வாங்கும்போதே அதைக் கேட்டு, கடைசியாகக் கொடுத்த தேதியோடு கூட்டின் கதவிலோ சமையலறை நாட்காட்டியிலோ எழுதி வைத்துக்கொள்ளலாம்.