வெயில் அளக்கும் கருவிக்கும் முத்திரை தேவை

எடைக்கல் தேய்ந்தால் நஷ்டம் யாருக்கு என்று எந்த விவசாயிக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தராசுக்கும் படிக்கல்லுக்கும் அரசு முத்திரை குத்துவது அதற்காகத்தான். பயிருக்கு எவ்வளவு நீர் தேவை என்று கணக்கிட உதவும் கருவி ஒன்றுக்கும் இந்தத் தேய்மானம் உண்டு. அதுதான் வெயிலை அளக்கும் பைரனோமீட்டர்.

தானியங்கி வானிலை நிலையங்கள் சிலவற்றில், கம்பத்தின் மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல் இருப்பது இதுவே. உள்ளே கறுப்பு பூசிய தகடு. வெயிலில் தகடு சூடேறும்போது துளி மின்சாரம் உண்டாகிறது. மேகமற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலின் அளவு ஏறத்தாழ 1,000 வாட். அதற்குக் கருவி தருவது 10 மில்லிவோல்ட் அளவே.

ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டுக் கறுப்புப் பூச்சு வெளிறினால், கருவி குறைத்துக் காட்டும். சதுர மீட்டருக்கு 20 மெகாஜூல் வெயிலடிக்கும் நாளில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், 2 மெகாஜூல் காணாமல் போகும். 1 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்க வேண்டியது 2.45 மெகாஜூல். இதில் பாதி மட்டுமே நீரை ஆவியாக்குகிறது என்று கொண்டாலும், ஏக்கருக்கு நாளொன்றுக்கு 1,600 லிட்டர் நீர் கணக்கில் குறைந்துவிடும். சொட்டுநீர் போட்டு அளந்து பாய்ச்சுகிறவருக்கு இது சின்ன விஷயமா?

சரிபார்க்கும் முறை எளிது. வானம் தெளிந்த நாளில் நம்பகமான கருவி ஒன்றின் பக்கத்தில் இதை வைத்து, இரண்டின் அளவையும் ஒப்பிட்டு, இதற்குரிய எண்ணைத் திருத்துவார்கள். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

அந்த நம்பகமான கருவிக்கு முத்திரை எங்கே? சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையூரில். அங்குள்ள மூலக் கருவிகளில் கறுப்புக் குழி ஒன்று உண்டு. முதலில் அதற்குள் வெயிலை விடுவார்கள். பிறகு மூடிவிட்டு, அதே சூடு வரும்வரை மின்சாரம் செலுத்துவார்கள். செலவான மின்சாரத்தைக் கொண்டு வெயிலின் அளவைக் கண்டுபிடிப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பல நாட்டுக் கருவிகள் அங்கே ஒப்பிடப்படுகின்றன. 2020இல் நடக்க வேண்டியது 2021இல் நடந்தது. நம் நாட்டில் இந்தப் பணிக்குரிய மையம் புனேயில், இந்திய வானிலைத் துறையின் கீழ் உள்ளது.

ஆனால் கண்ணாடி மேல் காக்கை எச்சம் கிடந்தால் டாவோஸ் முத்திரையும் உதவாது. ஊரில் இத்தகைய நிலையம் இருந்தால், பொறுப்பாளர் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைக்கிறாரா, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று விவசாயிகள் தாராளமாகக் கேட்கலாம். பக்கத்தில் வைக்கோல் போர் போட்டு நிழல் விழச் செய்யாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.